மச்சானின் சிபாரிசு

கோல்ஃப் மைதானத்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான், மேடம். மருந்துக்கடைக்காரனுக்கு நாள் முழுக்க இரைச்சல். சிதம்பரத்தில் என் கடைக்கு எதிரிலேயே ஆட்டோ ஸ்டாண்டு. உள்ளே இருமல், வெளியே ஹாரன். அங்கே அப்படியில்லை. பச்சைப் புல், சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். ஒருவர் பந்தை அடிக்கக் குனிந்தால் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அடுத்தவனுக்காக வாயை மூடிக்கொள்கிற வழக்கம் நம் பக்கத்தில் வேறெங்கே இருக்கிறது?

வக்கீல் வரும்வரை எதுவும் பேச வேண்டாம் என்று என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை சொல்லியனுப்பினார். எனக்கு அது தேவையாகப் படவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும்.

இளவரசு என் மனைவி அருள்மொழியின் தம்பி. எனக்குக் கல்யாணமானபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றினான். மாமனார் போன பிறகு என் வீட்டில்தான் வளர்ந்தான். இன்ஜினியரிங் படிக்கவைத்தேன். கடலூரில் கட்டட வேலை எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற புத்தி எனக்குக் கிடையாது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இன்றைக்குக் கடலூரில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகளில் பாதி அவன் கட்டியது. டாக்டர்கள் எல்லாரும் அவனை ‘வா, போ’ என்று பேசுவார்கள். நான் அதே டாக்டர்களின் அறைக்கு வெளியே, மருந்துக் கம்பெனிப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பவன். முப்பது வருடமாக அப்படித்தான்.

கடற்கரையோரம் அந்த கோல்ஃப் கிளப் வந்ததும் இளவரசு அதில் சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை விருந்தாளியாகக் கூட்டிப்போனான். என்னைப் பெஞ்சில் உட்காரவைக்கிற இதயநோய் டாக்டர் அன்றைக்கு என் பக்கத்தில் நின்று, என்னைப் போலவே தொப்பி போட்டுக்கொண்டு, என்னைப் போலவே பந்தைத் தவறவிட்டார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் உறுப்பினராக வேண்டும் என்று தோன்றியது.

நான் அவசரக்காரன் இல்லை. பல மாதம் யோசித்தேன். நுழைவுக் கட்டணத்துக்கு என் புவனகிரிக் கடையையே விற்க வேண்டியிருக்கும். அதன் பிறகு வருடா வருடம் சந்தா. எனக்கு முழங்கால் வலி உண்டு. வெயில் ஆகாது. மறுபுறம் பார்த்தால், அந்த டாக்டர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். அருள்மொழியிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒரு குச்சிய வச்சிக்கினு பந்தத் தட்டறதுக்கு ஒரு கடையவே விக்கணுமா? நாலு பேரு உங்கள மதிக்கணும்னு ஆச. அதச் சொல்லுங்க. காசு குடுத்தா வந்துடுமாங்க அது?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் சேர்வதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு உரிமை ஒரு மனிதனுக்கு உண்டல்லவா?

கிளப்பில் சேர ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட வேண்டும். இளவரசிடம் கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்கு மாமா அதெல்லாம்? சும்மா வேஸ்ட்டு. ஆடணும்னா என்கூட வாங்க. நான் என்ன வேணாம்னா சொல்றன்?”

அப்படியே அவனோடு போய்க்கொண்டிருந்தேன். விருந்தாளிக்கு அங்கே என்ன மரியாதை என்று போகப்போகத்தான் தெரிந்தது. அவன் மட்டைப் பையை நான் தூக்கிக்கொண்டு நடப்பேன். அவன் நண்பர்களிடம் என் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துவான். “எங்க மாமா. மெடிக்கல் வச்சிருக்காரு. யாருக்காச்சும் பேதின்னா சொல்லுங்க, கைலயே மாத்திர வச்சிருப்பாரு.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

அவனுக்குச் சர்க்கரை வியாதி என்பது உங்களுக்குத் தெரியும். இன்சுலின் போட்டுக்கொள்வான். போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிப்போய்க் கை நடுங்கும், வியர்த்துக்கொட்டும், பேச்சு குழறும். இரண்டு தடவை மைதானத்திலேயே அப்படி ஆகி, நான்தான் வாயில் கடலைமிட்டாயைத் திணித்து உட்காரவைத்தேன். அப்போதெல்லாம் அவன் சொல்வான்: “எங்க மாமா பக்கத்துல இருக்கிற வரைக்கும் எனக்குச் சாவே இல்ல.” அருள்மொழி அவனுக்காக ஒவ்வொரு முறையும் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம் என்னிடம் கொடுத்தனுப்புவாள். அவன் பையில் நான் வைத்துவிடுவேன்.

கிளப் செயலாளரை நானே ஒரு நாள் தனியாகப் பார்த்து விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தேன். அவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கொஞ்சம் தயங்கினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க பேரு கமிட்டில வந்துச்சு. உங்க மச்சான்தான் வேணாம்னுட்டாரு. நல்ல மனுஷன்தான், ஆனா இங்க செட் ஆவ மாட்டாரு, கடக்காரரு, அவரு வந்தா எனக்கே கூச்சமா இருக்கும்னு சொன்னாரு.”

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வரவில்லை. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தூங்கினேன். மறுநாள் அவனுக்குப் போன் பண்ணி, இன்சுலின் வந்திருக்கிறது, கொடுத்தனுப்பவா என்று விசாரித்தேன். அந்த மாதம் முழுக்க அவனோடு நன்றாகத்தான் பழகினேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

அன்றைக்கு வேலை நாள். மைதானத்தில் கூட்டமில்லை. மட்டைப் பை தூக்கும் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். இளவரசு கிளப் அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு சாப்பாடு சொல்லப் போனான். இன்னும் நாலு குழி ஆடிவிட்டு வந்து நிதானமாகச் சாப்பிடலாமே என்று சொன்னது நான்தான். அவனுக்கு ஆட்டம் என்றால் உயிர். கிளம்பிவிட்டான். பேட்டரி வண்டியை நான் ஓட்டினேன்.

கடைசிக் கோடியில், குளத்துக்குப் பக்கத்தில் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. புல்லில் உட்கார்ந்துவிட்டான். வெயில் நன்றாகக் காய்ந்தது. கடலில் தேவனாம்பட்டினத்துப் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன.

“மாமா, பையில முட்டாய் இருக்கும். எடுங்க.”

தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

“அக்கா குடுத்திருக்குமே... வண்டில பாருங்க மாமா. போன எடுங்க, யாரையாச்சும் கூப்புடுங்க.”

போன் வண்டியில் இருந்தது. வண்டியைச் சற்றுத் தள்ளி நிழலில் விட்டிருந்தேன். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“கமிட்டில என்னப் பத்தி என்னா சொன்ன, இளவரசு?”

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு அழுதான். சர்க்கரை இறங்கும்போது சிலருக்கு அழுகை வரும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “தப்புதான் மாமா. கையெழுத்துப் போடறன். நாளைக்கே போடறன். முட்டாய் குடுங்க மாமா” என்றான். நாக்கு தடித்துப்போய், குடுங்க, குடுங்க என்பது மட்டும்தான் கடைசியில் வந்தது.

கையெழுத்துப் போடுகிறேன் என்று அவன் சொன்னது உண்மை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள் மேடம். அந்த நிலைமையில் இருக்கிற ஒருவன் கொடுக்கிற வாக்குக்கு என்ன மதிப்பு? மனப்பூர்வமாகச் செய்யாத சிபாரிசை வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அந்த நேரம் பார்த்துப் புல்லில் களை பிடுங்குகிற ராணியம்மாள் அந்தப் பக்கம் வந்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றாள்.

“ஐயா, அவருக்கு என்னாச்சு? ஒரு மாரி கெடக்குறாரு?”

“ஒண்ணுமில்லம்மா. வெயிலு. செத்த நேரம் தூங்கறாரு. நீ சத்தம் போடாத. இங்க சத்தம் போடக் கூடாது.”

“மொகத்துல தண்ணி தெளிக்கட்டுமா?”

“நான் இருக்கறன்ல. போ.”

அந்த அம்மா உங்களிடம் சொன்னது அத்தனையும் நிஜம். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள் என்பதும் நிஜம். அவளுக்கு வேலை போய்விடக் கூடாது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று கிளப்பில் சொல்லிவிடுங்கள்.

அவள் போன பிறகு இளவரசு கண்ணைத் திறந்தான். குளத்தைப் பார்த்தான். தாகம் போலிருக்கிறது. முழங்காலாலும் கையாலும் நகர்ந்து போனான். கரை சரிவு. தலைகுப்புற விழுந்தான். தண்ணீர் முழங்கால் ஆழம்தான் இருக்கும். நான் எழுந்து நின்றேன்.

எல்லாம் அடங்கிய பிறகு அந்தக் குழியை முடித்துவிட்டுத்தான் வண்டியில் போய் ஆட்களைக் கூப்பிட்டேன். என் பந்து குழிக்கு ரொம்பப் பக்கத்தில் கிடந்தது. பாதி ஆட்டத்தில் விட்டுப்போவது அங்கே மரியாதை இல்லை.

சர்க்கரை இறங்கித் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த இதயநோய் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னார். என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “மனச விட்ராதீங்க கலியமூர்த்தி” என்றார்.

காரியமெல்லாம் முடிந்து துணி துவைக்க எடுக்கும்போது அருள்மொழி என் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கடலைமிட்டாய் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது தம்பி பையில வைக்கச் சொல்லிக் குடுத்தது. உங்க பாக்கெட்ல ஏன் இருக்குது?”

“மறந்துட்டேன்.”

“மயக்கம் வந்தப்போ அவன் கேக்கலியா?”

இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. கேட்டான் என்றேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டாவது குறைந்திருக்காதா என்று எண்ணிப் பார்த்தாளோ என்னவோ. பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“நான் கடலூரு ஸ்டேஷனுக்குப் போறன். சாப்பாடு மேச மேல இருக்குது.”

தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் சாப்பிட்டேன். அவளுக்குத் தம்பிமேல் பாசம் அதிகம், அதனால் அவசரப்பட்டுவிட்டாள். எனக்கு அவள்மேல் வருத்தம் ஒன்றுமில்லை.

பிரேதப் பரிசோதனையில் பின்கழுத்தில் வட்டமாக ஒரு காயம் இருந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தண்ணீருக்குள் விழுந்தவன் ஒரு தடவை தலையைத் தூக்கினான். ஒரே ஒரு தடவை. ‘மாமா’ என்றான் என்று நினைக்கிறேன். என் கையில் மட்டை இருந்தது. அதன் கைப்பிடி முனையை அவன் பிடரியில் வைத்து அழுத்தினேன். பலமாக அழுத்த வேண்டியிருக்கவில்லை. அவன் கை கொஞ்ச நேரம் என் ஷூவைப் பிடித்துக்கொண்டிருந்தது; அது விட்ட பிறகுதான் மட்டையை எடுத்தேன். ஆமாம், இளவரசைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏட்டையா ஒரு வரி தப்பாக எழுதியிருக்கிறார். ‘கிளப்பில் சேர முடியாத ஆத்திரத்தில்’ என்று இருக்கிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள், மேடம். அன்றைக்குக் காலையில் காரில் வரும்போது, வெள்ளாற்றுப் பாலத்தின் மேலேயே எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். அந்த கிளப் அத்தனை காசுக்குப் பெறாது. அருள்மொழி சொன்னதுதான் சரி. சேரப்போவதில்லை என்று தீர்மானித்ததும் மனசு லேசாகிவிட்டது. அவன் கையெழுத்தே இனி எனக்குத் தேவையில்லை, அவன்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. பக்கத்து சீட்டில் கிடந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது பாலத்தைத் தாண்டிய பிறகுதான்.