மரத்துக்குப் பாவாடை, பள்ளிக்கு வளைவு

போர்த்திய பொன்னாடைகளின் கனத்தில் நிமிர முடியாமல் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், கல்வி வள்ளல் சுயம்புலிங்கம் அவர்களே! அவருக்கு இருபுறமும் நாற்காலி பிடித்து வீற்றிருக்கும் வளைவுக் குழுப் பெரியோர்களே! பால்வெட்டு முடித்து வந்து, விரலில் ஒட்டிய ரப்பர் பாலை இன்னும் உரித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்க்கும் இளைஞர் பெருமக்களே! தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் எங்கள் பள்ளியின் புதிய ஆசிரியை, தேங்காப்பட்டணத்து இர்ஷாதா டீச்சர் அவர்களே! இந்த ஆனி மழையில் நம் தலை நனையாமல் காக்கும் பந்தலின் புத்தம்புது பிளாஸ்டிக்கே! உனக்கும் வணக்கம். உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

எழுத்தறியாத இந்த ரசலையனுக்கு ஏன் மைக் கிடைத்தது? என் அறிவுக்கா? அழகுக்கா? இரண்டும் இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் இன்று திறக்கப்போகிற வளைவின் இடது கால் என்னுடைய மண்ணில் நிற்கிறது. காலுக்கு இடம் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தக் காலுக்காகத்தான் இந்த நாவுக்கு இடம் தந்திருக்கிறார்கள்.

என்ன வளைவு! எத்தனை உயரம், எத்தனை வண்ணம்! இருபுறமும் யானை, உச்சியில் தாமரை. அதற்குக் கீழே கொடுத்தவர்களின் பெயர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. நம் நேசபாய் வாசித்துச் சொன்னாள். வள்ளல், செம்மல், காவலர், மீண்டும் வள்ளல்! "பள்ளிக்கூடத்துக்க பேரு எங்க மக்கா?" என்று கேட்டேன். "அதுக்கு எடம் காணல்ல பாட்டா" என்றாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த வள்ளல்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவராவது இந்த வளைவுக்குள் நுழைவாரா? காலையில் மஞ்சள் வேன் வந்து குலசேகரத்துத் தனியார் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறதே! பிள்ளை போகாத பள்ளிக்கு எதற்கையா பெயர் பொறித்த வாசல்?

இங்கே வந்து போன ஆசிரியர்கள் எல்லாரையும் எனக்கு நினைவிருக்கிறது. கோட்டாற்றிலிருந்து கறுப்புக் குடையோடு ஒரு சார் வந்தார். மாலை போட்டோம். தங்க வீடு கேட்டார், ஒருவரும் தரவில்லை. ஓணத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. பிறகு ஒரு டீச்சர் வந்தார், நீல நிறத் தோல்பை வைத்திருப்பார். அவருக்கும் மாலை. பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று வீடு வீடாய்க் கேட்டார். "எங்க பிள்ளைய கேக்க நீரு ஆரு?" என்று நாம் கேட்டோம். அவரும் போனார். மாலை போடுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா? போட்ட மாலை வாடும் முன்னே ஆளை விரட்டுவதிலும் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

இந்த ஆண்டு பள்ளி திறந்தபோது வந்தார் இர்ஷாதா டீச்சர். வயதில் சிறியவர். முதல் வேலை. அவர் வந்த அன்றே மழையும் வந்தது. ஒன்றாம் வகுப்பின் ஓட்டுக்கூரை நமக்குத் தெரியாததா? வெளியே தூறினால் உள்ளே கொட்டும்! பிள்ளைகளின் சிலேட்டில் வெள்ளம்.

அது எந்தக் காலம்? மழை வலுக்கும் முன் நாம் ரப்பர் மரத்துக்குப் பாவாடை கட்டும் காலம். வெட்டின பட்டையில் மழை இறங்காமல், மரத்தின் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக்கைக் கொசுவிக் கட்டி, தார்ப்பசை தேய்த்து, ஒரு சொட்டு புகாதபடி காக்கிறோமே, அந்தக் காலம். வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் சுருள் சுருளாய்க் கிடக்கிறது. டீச்சர் நனைந்துகொண்டே படியேறினார். "கூரைக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் தருவேளா?" என்றார். நாம் என்ன சொன்னோம்?

"மரத்துக்கே காணாது டீச்சர்!"

ஆகா! பால் தரும் மரத்துக்குப் பாவாடை உண்டு. பாடம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு முழம் பிளாஸ்டிக் இல்லை. மரம் நனைந்தால் ஒரு நாள் வெட்டு போகும். பிள்ளை நனைந்தால் நமக்கு என்ன போகும்?

கடைசியில் டீச்சர் என்னிடம் வந்தார். என் வீட்டிலும் பிளாஸ்டிக் தீர்ந்துபோயிருந்தது. ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை, அதுதான் நம் புரை, சும்மா கிடந்தது. "நாத்தம் இருக்கும், ஒழுக்கு இருக்காது. பிள்ளியள கூட்டிட்டு வாரும்" என்றேன். அங்கே பாடம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் வாய்விட்டு வாசித்த சத்தத்தில் என் காது குளிர்ந்தது. இடைவேளையில் ஒரு குறும்பன் ஷீட் அடிக்கும் உருளையின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றி விளையாடினான். டீச்சர் ஓடிவந்து அவன் கையை விலக்கிவிட்டார். ஓடிவந்ததை எந்தப் போனும் படம் பிடிக்கவில்லை. சுற்றியதை ஒரு போன் பிடித்தது!

அன்று மாலையே ஊரெல்லாம் அந்தப் படம். 'பிள்ளைகளை ரப்பர் புரையில் வேலை வாங்கும் ஆசிரியை' என்று எழுதி அனுப்பியிருந்தார்களாம். தக்கலை கல்வி அலுவலகத்துக்குப் புகாரும் போனது. அனுப்பியவர் யார்? திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். நடுநாற்காலியைப் பார்த்தால் போதும்.

அவருக்கு டீச்சர் மீது என்ன கோபம்? வளைவுக் குழு கூடிய அன்று இந்தச் சின்னப் பெண் எழுந்து நின்று, "வளைவு பிறகு கட்டலாம், முதலில் கூரையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். வள்ளலுக்கு வலித்துவிட்டது!

இதோ, ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பேச்சை நிறுத்து என்று எழுதியிருக்கலாம். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. ஆகையால் தொடர்கிறேன்!

வருகிற திங்கட்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். பிள்ளைகள் அங்கே வேலை செய்தார்கள் என்று ஊர் சொன்னால் டீச்சரின் வேலை போகும். ஊர் வாயை மூடிக்கொண்டு நின்றாலும் போகும். நான் போய் நடந்ததைச் சொல்வேன், புரை என்னுடையது. ஆனால் கிழவன் ஒருவன் சொன்னால் போதுமா? அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்கே? மரத்தை நம்பி வாழ்கிறீர்கள், மரமாகவே ஆகிவிட்டீர்களா?

என்ன நேசபாய், எழுந்து நிற்கிறாய்? உரக்கச் சொல்.

"சக்கரத்த பிடிச்சு சுத்துனது எனக்க பயலாக்கும் பாட்டா. திங்களாச்ச நான் வந்து செல்லுவேன். பால்வெட்டு கெடந்தா கெடந்துட்டு போவட்டு!"

கேட்டீர்களா! பக்கத்தில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அங்கே இன்னும் மூன்று பேர். தலைவர் அவர்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

"புகார திருப்பி வாங்கியாச்சுண்ணே வச்சுக்கிடும் ஓய்."

வைத்துக்கொள்ள முடியாது ஐயா! திங்கட்கிழமை அதிகாரியின் முன்னால், இதே தொண்டையில், அனுப்பியது பொய் என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை என் மண்ணிலிருந்து உங்கள் வளைவின் இடது காலை எடுத்துவிடுங்கள். ஒற்றைக்காலில் நிற்குமானால் நிற்கட்டும், யானையும் தாமரையுமாய்!

தலையசைக்கிறார். அசைத்ததை ஊர் பார்த்துவிட்டது.

பேச வேண்டியது முடிந்தது, செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தாய்மார்களே, மேலே பாருங்கள். எத்தனை பெரிய பிளாஸ்டிக்! ஒன்றாம் வகுப்பை மூடி, இரண்டாம் வகுப்புக்கும் மிஞ்சுமே! ஏலே கிளீட்டஸ், பந்தல் உனக்கதுதானே, இத தருவியா?

"எடுத்துக்கிடுங்க பாட்டா. ஆனா இப்பம் மழ பெய்யுதே, ஆளுவ நனையுமே?"

நனையட்டும்! பிள்ளைகள் நனைந்தபோது நாம் எங்கே இருந்தோம்? ரிப்பன் வெட்ட அந்தத் தட்டில் ஒரு கத்தரிக்கோல் பளபளக்கிறது. அதை எடுத்துக்கொள். ரிப்பன் காத்திருக்கும். முதலில் பந்தல் கயிற்றை வெட்டு!

இவ்வளவு நேரம் நனையாமல் கேட்ட உங்களுக்கும், இனி நனைந்துகொண்டு கலையப்போகும் உங்களுக்கும் என் நன்றி. டீச்சர் அவர்களே, தூணை விட்டு முன்னால் வாருங்கள். ரசலையன் தொடக்கத்தில் சொன்ன வணக்கத்தில் பெரும்பங்கு உங்களுடையது.