சம்பந்தி உரிமை கொண்டாடும் ஆட்கள்

எட்மண்டனில் பேருந்து நெரிசலில் அசையாமல் நின்றது. முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. மகளுக்குப் பிரசவம், ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மருமகன் கிரேக்கர். கணவர் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தார்.

“சம்பந்தியிட்டை அம்பிட்டால் துலைஞ்சன். ரெனிஸ் வெண்டவன் கிரேக்கனாம், ராக்கெட் விட்ட விஞ்ஞானி கிரேக்கனாம், பாட்டுக்காரியும் கிரேக்கச்சியாம். விசாரிச்சுப் பாத்தால் ஆரோ ஒரு பூட்டன் மட்டும்தான் கிரேக்கன்.”

“கிரிக்கெட்டிலை ஆர் நல்லா விளையாடினாலும் தாய் தமிழோ எண்டு தேடுறனீங்கள்தானே. இருங்கோ.”

“அது வேறை. எங்கட பேரப்பிள்ளை நாளைக்கு எதையும் சாதிச்சால் அதையும் கிரேக்கரோடை சேர்த்துப்போடுவார்.”

“முதல் அது பிறக்கட்டும்.”

அந்த நேரம் மகளே அழைத்தாள். மனைவி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“பொம்பிளைப் பிள்ளையாம். ரெண்டு பேரும் சுகம். பிள்ளை அழுறதைக் கேட்டிட்டு, தங்கட பாட்டுக்காரியின்ர தொண்டை எண்டு சம்பந்தி நேர்ஸ்மாருக்குச் சொல்லுறாராம்.”

“அது என்ர அம்மாவின்ர தொண்டையப்பா!”

“மூத்த பெட்டைக்குத் தகப்பன்ர தாயின்ர பேரைத்தான் வைக்கிறது அவையின்ர வழக்கமாம்.”

கணவர் கைபேசியைப் பறித்தார்.

“பிள்ளை, பிறந்த நேரத்தைச் சொல்லு! நான் நட்சத்திரம் பாத்துப் பேருக்கு எழுத்து எடுக்குமட்டும் அந்தாளை வாய் திறக்க விடாதை!”

மறு கையால் மணியை அழுத்தினார். இருவரும் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பேருந்து நகர்ந்து, அவர்களைத் தாண்டிப் போனது.