நுழைந்த வண்டி வெளியேறும்

கொல்லிமலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் நன்றாக வரத் தொடங்கியது, ஐயா. காற்று அப்படி. செம்மேட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பகலில்கூடப் போர்வை தேடும்.

என் பெயர் அர்த்தனாரி. மென்பொருள் எழுதுபவன் என்றால் பாதிதான் சரி. ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் இயற்கணிதச் சமன்பாடுகளாக எழுதுவேன். அவற்றிலிருந்து படிப்படியாக நிரலை வடிப்பேன். ஒவ்வொரு படிக்கும் நிரூபணம் இருக்கும். 'ஓட்டிப் பார்த்தோம், ஓடுது' என்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மண்சரிவுக்குப் பிறகு காரவள்ளியிலிருந்து ஏறும் மலைப்பாதை ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தானியங்கி கேட்டுகள் வைத்தார்கள். கீழே நுழைந்த வண்டிகளையும் மேலே வெளியேறியவற்றையும் கணினி எண்ணும்; ஏறும் வண்டி ஒன்று பாதையில் மிச்சமிருக்கும்வரை, இறங்கும் வண்டிக்கு மேல் கேட் திறக்காது. அதற்கு நான் எழுதிய சமன்பாடு ஒரே வரி: பாதையில் ஒரு வண்டி நுழைந்து பின் வெளியேறினால், பாதை பழைய பாதையே. அதை நிரூபித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மலைமேல் உள்ள ஆலத்தூர் நாட்டு விவசாயி மாணிக்கம் மட்டும் அப்போதே கேட்டார். "ஏனுங்க சார், நாங்க வண்டியப் பாதி வளைவுல ஓரங்கட்டிட்டு ஒத்தையடிப் பாதையில நடந்தே ஊட்டுக்குப் போயிருவோமே. அதுக்கு உங்க மெசினு என்னங்க பண்ணும்?"

நல்ல கேள்விதான். ஆனால் அதைச் சேர்த்தால் என் நிரூபணம் முழுவதும் சரிந்துவிடும்; நுழைந்த வண்டி வெளியேறும் என்பதுதானே அதன் அடிப்படை. "இனிமே அப்படி நிறுத்தாதீங்க" என்றேன். காலங்காலமாக நிறுத்துகிறவர்கள் நான் சொல்லியா கேட்கப் போகிறார்கள்!

ஆடி மாதத்தில் ஒரு காலை, மேல் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் பூபதி போன் செய்தார். பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, நாமக்கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆம்புலன்ஸ் நிற்கிறது, கேட் திறக்கவில்லை என்றார். கணினியைப் பார்த்தேன். பாதையில் ஒரு வண்டி இருப்பதாகக் காட்டியது.

போன் கை மாறியது. மாணிக்கத்தின் குரல். "சாமி, அது என்ர ஜீப்புங்க. ஊட்டுக்காரி கலைச்செல்விக்கு வலி எடுத்துருச்சுன்னு சேதி வந்ததும் வளைவுல அகலமான எடத்துல ஓரமா உட்டுட்டுக் குறுக்கால ஏறி வந்துட்டேன். சாவி என் கையிலதான் இருக்குதுங்க. அவளுக்குக் கண்ணு சொருகுதுங்க. தொறந்து உடுங்க சாமி."

நான் அவரை நம்பினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் என்னிடம் மட்டுமே இருந்தது. தட்டியிருந்தால் கேட் திறந்திருக்கும். ஆனால் கையால் திறந்தது பதிவாகிவிடும். மறுநாள் சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. ஏன் திறந்தாய் என்று கேட்டால், என் சமன்பாடு பொய் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். "எண்ணிக்கை பூஜ்யமானா தானாத் திறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். காபி போட்டுக் குடித்தேன்.

பூபதி கடப்பாரையால் கேட்டை உடைத்திருக்கிறார். அதற்குள் நேரமாகிவிட்டது. காரவள்ளிக்கு இறங்குமுன்பே அந்தப் பெண் போய்விட்டாள். குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். எனக்குப் பொய் சொல்ல வராது. தெரிந்துதான் கொன்றேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள், ஐயா. அந்தப் பாதையில் இன்றுவரை வண்டியும் வண்டியும் மோதி ஒருவர்கூடச் சாகவில்லை. நான் நிரூபித்தது அதைத்தான்.