தண்ணீர்த் தொட்டியில் போட்ட கார் சாவி

என் பெயர் பிரான்வின் பெதரிக். வயது நாற்பத்தொன்று. ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து மாநிலம், ஹியூண்டன் ஊரில் கால்நடை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கணவரைப் பிரிந்து ஐவி, ஜோசி என்ற இரு மகள்களுடன் வசித்து வருகிறேன். என்மேல் புகார் கொடுத்திருக்கும் ட்ரெவர் பெதரிக் என் உடன்பிறந்த அண்ணன். வக்கீல் வேண்டுமா என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

கடந்த சனிக்கிழமை காலை நானும் என் மகள்களும் ட்ரெவரின் எஸ்.யூ.வி. காரில், உள்ளேயே தங்கிப் படுக்கிற அவருடைய சிறிய கேரவன் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கடற்கரையில் ஒரு வாரம் தங்குவதற்காகப் புறப்பட்டோம். அந்தக் கேரவனை இழுக்க அந்தக் கார் தாராளமாகப் போதும், அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜெனரேட்டரையும் நிரம்பிய தண்ணீர் கேன்களையும் கேரவனின் பின்பக்கச் சட்டத்தில் கட்டியிருந்தார். கனமானதைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் கனம் ஏறினால் காரின் கொக்கிமேல் பாரம் இறங்காது, கேரவன் வாலாட்டும் என்று சொன்னேன். நான் பல வருடங்களாகக் குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டியைக் காரில் கோத்து இழுத்து வருகிறேன். அதற்கு அவர், "புத்தியெல்லாம் உன் குதிரைக்குச் சொல்லு" என்றார்.

அதன் பிறகு நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, எதிரே மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரி கடந்து போனது. அந்தக் காற்றில் கேரவன் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்து, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. ட்ரெவர் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் அதிகமானது. ஐவி கையை நீட்டித் தங்கையின் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பிரேக்க விடு ட்ரெவர், ஸ்டியரிங்க ஒடிக்காத" என்று சொல்லிக்கொண்டே நான் எட்டி, கேரவனுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் பொத்தானை அழுத்தினேன். அதன் பிறகு கேரவன் நேரானது. கார் மெதுவாக வேகம் குறைந்தது.

அதன் பிறகு அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அங்கிருந்த சாப்பாட்டுக் கடையில் ட்ரெவர் இறைச்சி அடைத்த ரொட்டி வாங்கித் தின்றுகொண்டே, நடந்ததைக் கடைக்காரரிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார். நான் வெளியே போய் ஜெனரேட்டரின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன். அவர் வந்து என் கையைத் தட்டிவிட்டார். "என் காரு, என் கேரவன். பயமா இருந்தா பஸ்ல வா" என்றார். நான் பிள்ளைகளை இறக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே மிச்சம் இருந்த ரொட்டியைத் தின்ன உள்ளே போனார். நானும் உள்ளே போனேன். சாவி அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் மாடுகள் குடிக்கும் தொட்டிக்கு நடந்து போய், உள்ளே போட்டேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"எடுடி அத."

"நீயே எடு. நல்லா நனையட்டும்."

அது ரிமோட் சாவி, தண்ணீரில் நனைந்து கெட்டுப்போனது. அதன் பிறகு ஹியூண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதி எங்களை வீட்டில் இறக்கிவிட்டார்கள்.

பிள்ளைகளை இறக்கிய பிறகு சாவியை எடுக்க என்ன அவசியம் என்று அதிகாரி கேட்டார். அந்தச் சாலையில் எதிரே வருகிற கார்களிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பதில் சொன்னேன். அந்தக் காரை ஓட்டிப் போகவிருந்தவர் என் அண்ணன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வேறு சாவி வந்து, எதையும் இடம் மாற்றாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு ட்ரெவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். கடலோரத்தில் நிற்கும் கேரவனைப் படம் எடுத்து, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று எனக்கு அனுப்பினார். பார்த்தேன். எதிரே அன்றைக்கு அந்த லாரி வரவில்லை, அவ்வளவுதான்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் அண்ணன் புகாரைத் திரும்பப் பெறுவார், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாராம் என்று அதிகாரி தெரிவித்தார். எழுதிக் கொடுக்க மாட்டேன். இன்னொரு முறை அப்படிக் கட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு சாவியும் தொட்டிக்குள் போகும். அவர் பேசாமல் இருக்கட்டும். உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. எடுக்கவோ மாற்றவோ இதில் எதுவும் இல்லை.

(கையொப்பம்)
பிரான்வின் பெதரிக்