கண்டெய்னரின் காற்று மறைவில்

டயருக்குக் காற்று நிரப்புவதைக் காலையிலேயே, ரப்பர் குளிர்ந்திருக்கும்போதே செய்துவிட வேண்டும். சம்பந்தி அவர்களே, அங்கிருந்து தொடங்கினால்தான் நடந்தது உங்களுக்கு விளங்கும். பேத்தியைப் பார்க்க என்னை உள்ளே விடுவதா வேண்டாமா என்று உங்கள் வீட்டார் கூடிப் பேசுவதை அறிவேன். அதற்குமுன் உண்மையைச் சொல்லும்படி கேட்டீர்கள். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

நான் கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றின் பண்டகசாலையில் பணிபுரிபவன்; வெள்ளிதோறும் சிவன் சந்நிதியில் பதிகம் ஓதுபவன். இரண்டு இடத்திலும் கற்றது ஒன்றே. வேண்டாததை விட்டவனே கரையேறுகிறான். நான் வாங்கிய சிறிய கார் ஒரு லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடியது. விற்றவர் இருபது என்று சொல்லியிருந்தார். எஞ்சிய நான்கு எங்கே போகிறது என்னும் கேள்வி, பூசையின் நடுவிலும் என்னை விடவில்லை.

முதலில் நானும் மயங்கினேன். காக்களூரில் பட்டறை வைத்திருக்கும் லோகு, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றைத் தந்தான். "இத்த மாட்டிகினு போ சாமி. இனிமே வண்டி பெட்ரோல் வாசனையிலயே ஓடும்" என்றான். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். ஓர் அணுவும் மாறவில்லை. பேறு என்பது கடையில் வாங்கும் பொருளால் வருவதன்று, ஒழுக்கத்தால் வருவது என்று தெளிந்தேன்.

அன்றுமுதல் மும்மலம் நீக்குவதுபோல ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு மூன்றையும் நீக்கினேன். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்தேன். பிரேக்கை மிதிப்பவன் எரித்த பெட்ரோலைத் தரையில் கொட்டுகிறான். ஆகவே தொலைவிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பழகினேன். பதிகத்தை நிதான தாளத்தில் பாடிக்கொண்டு ஓட்டினால் வேகம் தானே அடங்கியிருக்கும். பதினெட்டு வந்தது. பிறகு பத்தொன்பது வந்தது. இருபது மட்டும் வரவில்லை.

மகள் அஸ்வினி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை மதிவாணன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த வேளையில் வலி கண்டது. மருத்துவமனை செங்குன்றத்தில். அவள் காரில் ஏறுவதற்குள் டாஷ்போர்டில் மைலேஜ் கணக்கைச் சுழியத்துக்கு மாற்றிக்கொண்டேன். மருமகளைப் பார்க்க வந்திருந்த உங்கள் துணைவியாரும் ஏற வந்தார்கள். அடுத்த பேருந்து விரைவில் வரும் என்று பணிவோடு தெரிவித்தேன். அவர்கள் எடையைக் குறித்து நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெருவே கேட்கும்படிச் சொன்னவள் என் மனைவி கனகாம்பாள்: "இந்தாளு வெய்ட்டுக்கோசரம் உங்கள எறக்கி வுடுறான் சம்பந்தியம்மா." துணிப்பையையும் வெந்நீர்க் குடுவையையும் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தவன் நான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

சித்திரை வெயில். ஏசி போட்டால் பெட்ரோலை உண்ணும். கண்ணாடியை இறக்கினால் புகும் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டையும் தவிர்த்தேன்.

"நைனா, கண்ணாடியவாச்சும் எறக்கு நைனா" என்றாள் அஸ்வினி.

"மூச்சை நன்றாக இழுத்து விடு, தாயே" என்றேன். மருத்துவரும் அதையே சொல்லியிருந்தார்.

கவரைப்பேட்டை தாண்டியதும் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி தென்பட்டது. பெரிய வண்டியை ஒட்டி ஓட்டினால் எதிர்க்காற்றை அது தாங்கிக்கொள்ளும். நாம் அதன் மறைவில் மிதந்து செல்லலாம். திருவடி நிழல் என்று நாற்பது ஆண்டுகள் ஓதியதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பத்தொன்பதரை காட்டியது.

"தாண்டிப் போய்யா" என்றாள் மகளோடு பின்னிருக்கையில் இருந்த கனகாம்பாள். "பொண்ணு துடிக்கிறா, நீ இன்னாடான்னா லாரி வாலப் புடிச்சிகினு போய்க்கினு இருக்கற."

தாண்டுவதற்கு ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். அதன் விளைவுகளை அவளுக்கு விளக்கினேன். அவள் மகளின் நெற்றியை முந்தானையால் துடைத்தாள். அதைச் சம்மதமாகக் கொண்டேன்.

தச்சூருக்கு அப்பால் லாரி ஒரு சாலையோர ஓட்டலில் ஒதுங்கியது. நானும் ஒதுங்கினேன். இதையே நீங்கள் பெருங்குற்றமாகக் கருதுகிறீர்கள். என் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபதை எட்ட ஒரு நூலிழை பாக்கி. தனியே போனால் எதிர்க்காற்று அத்தனையையும் பறித்திருக்கும். ஓர் ஓட்டுநர் நாஷ்டா முடிக்க எவ்வளவு நேரமாகிவிடும்? இன்ஜினை அணைத்துவிட்டுப் பதிகத்தைத் தொடங்கினேன்.

லாரி ஓட்டுநர் சாம்சன் இரண்டாம் தோசைக்குச் சொல்லிவிட்டு எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னா பெருசு, கவரப்பேட்டையாண்டலேர்ந்து என் பின்னாலயே வர்ற. நான் உனக்கு டப்பு எதுனா தரணுமா?"

"நீங்கள் பொறுமையாகச் சாப்பிடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை" என்றேன்.

அப்போதுதான் அவர் பின்னிருக்கையைப் பார்த்தார். கனகாம்பாள் ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணே, உனுக்குக் காரு ஓட்டத் தெரியுமா?"

"பதினாலு சக்கரம் ஓட்றேம்மா. இதுக்கு நாலுதான" என்று கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் பக்கக் கதவைத் திறந்தார். "நீ எறங்கு பெருசு. லாரியப் பாத்துக்கினு இரு."

என் சட்டையைப் பிடித்து இழுத்ததாகக் கனகாம்பாள் சொல்வது மிகை. என் எடை குறைந்தால் வண்டிக்கு நல்லது என்று நானே இறங்கினேன். இந்தத் தியாகத்தை உங்கள் வீட்டில் ஒருவரும் இதுவரை எடுத்துப் பேசவில்லை. சாம்சன் புறப்பட்ட விதத்தை விவரிக்க நாக்கூசுகிறது. முதல் கியரிலேயே இன்ஜின் அலறியது. ஏசியைப் போட்டார், நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார், இரண்டையும் ஒருசேரச் செய்தார். நான் லாரிக்குக் காவலாக அமர்ந்து, வந்துவிட்ட தோசையை வீணாக்காமல் உண்டேன்.

பேத்தி சோழவரத்தைக் கடக்கும்போதே காரில் பிறந்துவிட்டாள். தாயும் சேயும் நலம். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்" என்று மருத்துவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்திக்கொண்டாராம். முடிவுறாத வாக்கியத்தை நான் சாட்சியமாக ஏற்பதில்லை.

ஆயினும் முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். வலியில் துடித்த மகளை மூடிய காரில் வைத்துக்கொண்டு, காற்று மறைவுக்காக ஒரு லாரியின் பின்னால் காத்து நின்றேன். தெரிந்தே நின்றேன். கார் திரும்பி வந்தபோது டாஷ்போர்டு பதினான்கு காட்டியது. கண்ணீர் விட்டேன். மகளுக்காக அழுவதாக எண்ணிச் சாம்சன் என் தோளில் தட்டினார், நான் திருத்தவில்லை.

பிறகு மனம் ஆறி, நடுநிலையோடு ஆராய்ந்தேன். குழந்தை மூன்று கிலோ என்கிறார்கள். பிறப்பதற்கு முன்பும் அந்த மூன்று கிலோ வண்டிக்குள்தான் இருந்தது. பிறந்ததால் எடை சிறிதும் கூடவில்லை. எனவே கதவைத் திறக்கச் சொல்லுங்கள், சம்பந்தி. பேத்தி என்னைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவளை நான் மன்னித்துவிட்டேன்.