கடைசி வார்த்தை பாறைக்கு

அவைக்குத் தலைமை தாங்கும் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று வழக்கமாகக் கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் இருத்தியிருக்கும் தாய்மார்களே! பந்தல் கம்பத்தில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் மேலாக, ஆற்றுக்கு அக்கரையில், மூடுபனிக்குள், காலால் தரையைத் தடவித் தடவி நடந்துகொண்டிருக்கும் கூட்டமே! அந்தக் கூட்டத்தை அழைத்துச் சென்ற என் மனைவியே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

வேண்டாம், கைதட்ட வேண்டாம்! பகலெல்லாம் தையல் மெஷினையும் மாலையெல்லாம் மைக்கையும் பிடித்து வாழ்கிற இந்தத் தையல்காரன் கைதட்டலை வேண்டாம் என்பது இதுவே முதல் முறை. உங்கள் கைதட்டல் மலையில் பட்டுத் திரும்பினால், எது கூட்டம், எது மலை என்று அவர்கள் எப்படி அறிவார்கள்?

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக நாமே வெட்டிய நடைபாதையின் திறப்பு விழா இது. காலையில் தலைவர் அம்மா ரிப்பன் வெட்டினார். வழிகாட்டியான என் மனைவி முதல் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனாள். அதில் தலைவர் அம்மாவின் மகளும் புது மருமகனும் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. சாப்பாடு ஆறிவிட்டது, பனி இறங்கிவிட்டது. சற்றுமுன் என் மனைவி தலைவர் அம்மாவின் போனுக்கு அழைத்தாள்.

"அம்மா, ஒண்ணுமே தெரியல. கை நீட்டினா கை தெரியல. எங்க வீட்டுக்காரர்கிட்ட மைக்கைக் குடுங்க. நிறுத்தாம பேசட்டும். குரல் முழுசா கேக்குற பக்கம் பார்த்து வந்துடுறோம். அவருக்குத்தான் நிறுத்தவே தெரியாதே!" என்றாள். அதோடு சிக்னல் போய்விட்டது.

சிரியுங்கள், ஆனால் மெதுவாகச் சிரியுங்கள். எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் ‘இறுதியாக’ என்பது எனக்குத் தெரியாதா? நான் "இறுதியாக ஒன்று" என்றதும் நீங்கள் செருப்பை மாட்டுவீர்கள். அதற்குப் பிறகும் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். என்னை இறக்குவதற்கு எத்தனை மேடையில் எத்தனை துண்டுச்சீட்டு வந்திருக்கிறது! இதோ, இன்றும் தலைவர் அம்மா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். "தொடரவும்" என்று எழுதியிருக்கிறது. அம்மா, தொடர்கிறேன்.

அக்கரையில் நடப்பவர்களே! எதைக் காணப் போனீர்கள்? அருவியைக் காணப் போனீர்கள்! அது வெள்ளிச் சரிகையாய் விழும் அழகைக் காணப் போனீர்கள்! மலையும் மரமும், மணலும் மடுவும், குகையும் கூழாங்கல்லும் காணப் போனீர்கள்! இப்போது எதைக் காண்கிறீர்கள்? பனியைக் காண்கிறீர்கள், பனியைத் தவிர வேறெதையும் காணவில்லை. கவலை வேண்டாம், கண்ணுக்குப் பதிலாகக் காதைத் தருகிறேன். அருவியின் இரைச்சல் உங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்கிறதா? அப்படியானால் சரியான வழியில்தான் இருக்கிறீர்கள். குடைபோல் கவிழ்ந்த பாறைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தால் சரிவு. சரிவின் அடியில் சாய்ந்த மரம் ஒன்று. அங்கேதான் ஐயா, வழி இரண்டாகப் பிரிகிறது! இடப்பக்கம் மரப்பாலம், பாலம் தாண்டினால் இந்தப் பந்தல். வலப்பக்கம் பதில் பாறை, அதன் காலடியில் ஆழம் காணாத மடு. அங்கே கம்பிவேலி போட அடுத்த மாதம் ஆள் வருகிறார்களாம். அடுத்த மாதம்! வயிறு எரிகிறது எனக்கு.

பதில் பாறையை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். "மாமா எங்கே?" என்று கத்தினால் "எங்கே?" என்று கேட்கும். எத்தனை நீளமாகப் பேசினாலும் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு திருப்பித் தரும். அதனால்தான் ‘குரல் முழுசா கேக்குற பக்கம்’ என்றாள் என் மனைவி. முழு வாக்கியம் கேட்டால் அது நான்; ஒற்றை வார்த்தை கேட்டால் அது பாறை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான், வாக்கியமெல்லாம் என்னுடையது, கடைசி வார்த்தை அவளுடையது!

ஆனால் இன்று அவள் அங்கே நிற்க, நான் இங்கே நிற்கிறேன். என்னம்மா செய்கிறாய்? முன்னால் நடக்கிறாயா, பின்னால் வருகிறவர்களின் கையைப் பிடித்திருக்கிறாயா? எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரே கேட்கட்டும், எனக்குப் பயமாக இருக்கிறது! என் கண்ணே, இந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் வா!

...கேட்டீர்களா? பாறையும் "வா" என்றது. மடுவின் பக்கத்திலிருந்து "வா" என்றது. ஐயோ, நான் என்ன காரியம் செய்தேன்! பனியில் தவிக்கிறவர் காதில் "வா" என்று ஒரு குரல் விழுந்தால், அது முழுக் குரலா அரைக் குரலா என்று நின்று பார்ப்பாரா?

என்ன சொல்கிறீர்கள் டீக்கடை அண்ணே? "‘வா’வைக் கடைசியில வெக்காதய்யா, முன்னாடி தூக்கிப் போடு!" என்கிறார். சரிதான் அண்ணே! நம் தமிழில் வினைச்சொல் எப்போதும் வால்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பாறை லபக்கென்று பிடித்துக்கொள்கிறது. "மேடையில ஏன் வார்த்தைய இப்படித் தலைகீழாப் போட்டுப் பேசுற?" என்று என்னைக் கேலி செய்தவர்களே, இதோ அதற்கு வேலை வந்துவிட்டது!

வாருங்கள் இடப்பக்கம், வலப்பக்கம் வேண்டாம்! வாருங்கள் பாலத்துக்கு, மடு வேண்டாம்! நடங்கள் மெல்ல மெல்ல, ஓட்டம் வேண்டாம்! பிடியுங்கள் ஒருவர் கையை ஒருவர், பிரிய வேண்டாம்!

ஆகா, பாறை "வேண்டாம்" என்கிறது! "வேண்டாம், வேண்டாம்" என்று மடுவின் வாசலில் நின்று காவல் காக்கிறது. சொல்லு பாறையே, நன்றாகச் சொல்லு!

உஷ்! விசில் சத்தம். அவளுடைய விசில்தான். எந்தப் பக்கம்? அம்மா, எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். வலப்பக்கம் கேட்டதா? இடப்பக்கம் கேட்டதா? அந்தத் தாயார் வலம் என்கிறார், இந்தப் பெரியவர் இடம் என்கிறார். யாராவது உறுதியாகச் சொல்லுங்களேன்! மறுபடி கேட்கவில்லையே. ஏன் கேட்கவில்லை?

நான் பேசுகிறேன், பேசிக்கொண்டே இருக்கிறேன். தொண்டை கம்முகிறது. தண்ணீர் வேண்டாம் தம்பி, குடிக்கிற நேரத்தில் குரல் நின்றுவிடும். வாருங்கள் சாய்ந்த மரத்தைத் தொட்டு, இடக்கையை நீட்டி, தயங்க வேண்டாம்! இந்த ஊரில் இத்தனை அழகு எதற்கு, பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை என்றால்? அருவி எதற்கு? குகை எதற்கு? ரிப்பன் எதற்கு? வாருங்கள் என் மக்களே, பாலத்துக்கு, அந்தப் பக்கம் வேண்டாம், வேண்டாம்...

என்ன சத்தம் அது? பலகைச் சத்தம்! மரப்பாலத்தின் பலகைச் சத்தம்! ஆள் தெரிகிறது. தலைவர் அம்மா, உங்கள் மகள்! மருமகனின் கையைப் பிடித்திருக்கிறாள், அம்மா! பின்னால் இன்னும் வருகிறார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்து, சேற்றோடு, சிரிப்போடு வருகிறார்கள். அவள் எங்கே? எல்லோரும் வருகிறார்களே, அவள் எங்கே?

அவள் கடைசியில் வருகிறாள். எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் வருகிறாள்.

மேடைக்கே வந்துவிட்டாள். "என்னங்க, ‘வா’ன்னு கேட்டதும் ரெண்டு பேரு வலப்பக்கம் திரும்பிட்டாங்க. அப்புறம் ‘வேண்டாம்’னு கேட்டுச்சு, நின்னுட்டாங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்" என்கிறாள். மைக்கை நீயே பிடி, அம்மா. நீயே சொல்லு.

"எல்லாரும் வந்தாச்சு!"

கேட்டீர்களா? பாறையும் சொல்கிறது, "வந்தாச்சு!" இப்போது கைதட்டுங்கள் ஐயா! மலை இடியக் கைதட்டுங்கள்!

தலைவர் அம்மாவுக்கு நன்றி. தலைகீழாகப் பேசச் சொன்ன டீக்கடை அண்ணனுக்கு நன்றி. வாயைப் பொத்திக்கொண்டு கேட்ட உங்களுக்கு நன்றி. அந்த வேலிக்காரரை அடுத்த மாதமல்ல, நாளைக்கே அழைத்து வாருங்கள். அதுவரை பாதையைக் கயிறு கட்டி மூடுங்கள். இறுதியாக ஒன்று...

சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "போதும், இறங்குங்க" என்கிறாள். சரிம்மா, இறங்கிவிட்டேன். வந்து சேர்ந்த அனைவருக்கும் வணக்கம்.