நாரைக்கு ஊட்டின சோறு

இல்ல பீவிம்மா, வாயத் தைச்சிடாதீங்க. வயித்த மட்டும் மூடுங்க, போதும். வாயி தொறந்துதான் இருக்கணும், அதுலதான் சோறு ஊட்டுவா. நீங்க தைச்சுக் குடுத்த பொம்மைதான, ஒங்களுக்குத் தெரியாததா. பூநாரைன்னா இவ்ளோ நீட்டுக் காலு வேணும்னு சாயத் துணியா பொறுக்கியெடுத்துத் தைச்சீங்க. கையில வாங்குனதுமே இதுக்கு ஏன் பல்லு இல்லன்னு எம்பொண்ணு பவுனு ஒங்களையே கேட்டாளாமே. ஆமா. அவ வாயி அப்படித்தான்.

ஈரந்தான். வெயில்ல போட்டுப் பாத்தேன், காயல. உப்புத் தண்ணி ஏறுன பஞ்சு எங்க காயும். அத்தப் பிரிச்சுப் போட்டுட்டு வேற அடைங்க. இலவம்பஞ்சு இல்லாட்டி தேங்கா நாரு கூடப் போதும். கனம் மட்டும் ஜாஸ்தி ஆவக் கூடாது. எப்பப் பாரு இடுக்கிகினே இருப்பா, கை வலிக்கும்.

சாயங்காலம் படகு கெளம்பறதுக்குள்ள குடுத்துடுங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க.

எலியும் கடிக்கல, நாயும் கொதறல. நான்தான்.

கோட்டைக்குச் சரக்கு ஏத்துற எங்க படகப் பாத்திருப்பீங்களே. ஆணியே இல்லாம பலகைங்கள கயித்தால தைச்சது. ஆணி அடிச்சிருந்தா அலை மோதி ஒடைச்சுடும், தைச்சதுன்னா வளைஞ்சு குடுக்கும். ஒங்க வேலை மாரிதான், ஊசி மட்டும் பெருசு. அன்னிக்கு மொகத்துவாரம் தாண்டிப் போறோம், ஒரு அலை தூக்கிப் போட்டுது பாருங்க, அடியில தையல் வுட்டுப் போச்சு. சரியா என் காலுக்குக் கீழ. தண்ணி குபுகுபுன்னு வருது. பூபதி அண்ணன் தெரியுமே, எங்க தண்டேலு, படகு ஓட்டுறவரு. பின்னால நின்னுகினு கத்துறாரு. கோதண்டம், கையில கெடைச்சத வெச்சு அடைடா, ஜனங்க கீதுடான்னு. எனக்குப் பின்னால வைக்கோல் கெடக்கும் எப்பவும், இதுக்குன்னே போட்டு வெச்சிருப்போம். ஒரு கையால துடுப்பப் புடிச்சுகினு, திரும்பிக் கூடப் பாக்காம இன்னொரு கையப் பின்னால நீட்டுனேன். மெத்துன்னு ஒண்ணு வந்துது. சந்துல வெச்சு குதிகாலால அமுக்கி, துடுப்புக் கட்டையால இடிச்சு இடிச்சு எறக்குனேன்.

நின்னுச்சு தண்ணி. சபாஷ்டான்னாரு பூபதி. பொஞ்சாதி தலகாணியத் தூக்கினு வந்துட்டான்டா இவன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அப்பறந்தான் குனிஞ்சு பாக்குறேன், பலகைக்கு நடுவுல செவப்பா ஒரு காலு நீட்டிகினு கீது.

அப்ப எப்படி எடுக்கறது. எடுத்தா எல்லாரும் முழுகிடுவோமே. கரைக்குத் திரும்பி வந்து, படகுத் தையலப் பிரிச்சு உருவுனேன். அப்பதான் வயிறு கிழிஞ்சுது.

படகுக்கு எப்படி வந்துதா? வந்துது. இங்க பாருங்க, இந்தக் காலாண்டயும் நூலு வுட்டுகீது.

அவ வரல. அவளால வர முடியாது இப்ப.

சோறு ஊட்டுறதுக்குத்தான் அவங்கம்மா கையால ஒரு நாள் அடி வாங்குனா. ஏரி வத்தி நண்டு கூட மண்ணுக்குள்ள பூந்துடுச்சே, அந்த நேரம். கஞ்சியில கெடக்குற பருக்கைய எண்ணிக்கலாம். அதுலயும் இவ இதோட வாயில திணிக்கிறா. முனியம்மா அறைஞ்சுட்டா. மார்ல பால் இல்லாம ஒன் தம்பி அழுவுறான், துணிக்குச் சோறு கேக்குதாடின்னு. அதுக்கு இவ, இது மெதுவாத்தாம்மா தின்னும், நேத்து குடுத்ததையே இன்னும் முழுங்கலன்றா. ஏரியில இருந்த நெஜ நாரைங்க எல்லாம் தண்ணி இல்லன்னு எங்கயோ பறந்துடுச்சு. இது போவலன்னு அவளுக்கு ஒரே பெருமை.

தைங்க, தைங்க. பேசிகினே தைங்க. கோட்டைக் கொடிமரத்துக்கு அந்தாண்ட பாய்மரம் தெரியுது பாருங்க, அந்தக் கப்பலுக்கு இன்னிக்குக் கடைசியாத் தண்ணிப் பீப்பா ஏத்துறோம். காத்து திரும்பிடுச்சுன்றாங்க. கடலுக்கு அந்தாண்ட பத்தாவின்னு ஒரு ஊருக்காம். எவ்ளோ தூரம்னு பூபதிக்கே தெரியல.

இதுக்கும் கப்பலுக்கும் இன்னா சம்பந்தம்னா, பவுனு அதுலதான் கீறா பீவிம்மா.

ஊரு ஊரா வந்து புள்ளைங்கள ஒலாந்தாக்காரன் கோட்டையில குடுத்துட்டுப் போறாங்களே, நீங்களும் பாத்துகினுதான இருக்கீங்க. நாங்களும் பவுனக் குடுத்தோம். சின்னவன் மூச்சு வுடறதே தெரியல அப்ப. பதிலுக்கு அரிசி குடுத்தாங்க. அவனுக்கு மட்டும் முனியம்மா கஞ்சி வெச்சு ஊத்துறா. நாங்க ரெண்டு பேரும் இன்னும் தொடல. தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அது பாட்டுக்கு மூலையில கீது.

அன்னிக்குப் படகுல இருந்தது மூட்டை இல்ல, கோட்டையில வாங்கிக் கப்பலுக்கு அனுப்புற ஜனங்கதான். நான் கைய நீட்டுனேன்ல பின்னால, வைக்கோல் மேல இவதான் ஒக்காந்திருந்தா. நைனா கேக்குதுன்னு அவளே எடுத்து என் கையில வெச்சுட்டா. அப்பறமும் அழுவல. கப்பல்லேர்ந்து கயித்தேணி எறக்குனாங்க, ஏறும்போது படகோட அடியத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தா. என்னப் பாக்கல.

என்னக் கப்பல் மேல போவ வுடுவானுங்களோ இன்னாவோ. பூபதி கேட்டுப் பாக்குறேன்னாரு. வுடலன்னா பீப்பாயோட கட்டியாவது ஏத்திடலாம், யாராவது எடுத்து அவகிட்ட குடுப்பாங்க.

வேணாம் பீவிம்மா, ஒண்ணும் சொல்லாதீங்க. வெளிச்சம் போயிடும்.

இன்னா அது, பஞ்சுக்குள்ள? பருக்கையா. ஆமா, அவ ஊட்டுனதுதான். நெறைய கீதா? சரி, கீழ தட்டிடாதீங்க. இப்படி என் கையில போடுங்க.

ம். கடிச்சா கல்லாட்டம் கீது. உப்பு வேற.

நீங்க தைங்க.